"கிளைகள்" என்று நீ எழுதிய பெட்டி

சரவணா,

நீ அனுப்பிய வரைபடத்தை முதலில் போனில் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மடிக்கணினியில் பெரிதாக்கி, ஒரு காலைப் பொழுது முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கிறது. பெற்றவள் சொல்கிறாள் என்று நீ நம்பமாட்டாய். ஆனால் இதே வேலையை வாழ்நாளெல்லாம் செய்தவளும் நான்தானே, அந்த உரிமையில் சொல்கிறேன். உன் வயதில் இப்படி ஒன்றை என்னால் வரைந்திருக்க முடியாது. "வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னாடி வைக்கணும்மா, எப்டி இருக்குன்னு ஒரு வரியில சொல்லு" என்று கேட்டிருந்தாய். நான் ஒரு வரியில் சொன்னால் நீ "சரிம்மா" என்று அரை வரியில் முடித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் நீளமாகவே எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி. அந்த ஹைதராபாத் அறையில் நீ என்ன சாப்பிடுகிறாய் என்பது இன்னொரு கடிதத்துக்கான விஷயம், இப்போது அதை எடுக்கவில்லை.

இந்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. ஆஸ்பத்திரிக் குழுமத்தில் பில் அடிக்கும் கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்தவள், அதே குழுமத்தின் சர்வர்கள் அத்தனைக்கும் பொறுப்பாளராக வெளியே வருகிறேன். வாரம் முழுக்கச் சென்னையில் விடுதி, சனிக்கிழமை உத்திரமேரூர் பஸ், திங்கள் விடியலில் மறுபடி பஸ் என்று ஓடிய காலம் முடிந்தது. ஊரில் யாராவது "அண்ணி மெட்ராஸ்ல இன்னா வேலை பண்றாங்கோ?" என்று கேட்டால் உன் நைனா, "கம்ப்யூட்டருங்களுக்கு ஏசி போட்டு வுடுற வேலை" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை. இப்போது நீ அதே வேலையை, எங்களைவிடப் பல மடங்கு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்துக்குச் செய்யப் போகிறாய். உன் குழுவில் இப்போதுதான் கல்லூரியை விட்டு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாய். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு படி.

முதலில் நாங்கள் எப்படித் தட்டுத் தடுமாறினோம் என்று சொல்கிறேன். ஏஐ என்ற பேச்சு வந்ததும் எங்கள் நிர்வாகத்துக்கு ஒரே பரபரப்பு. பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள், நாமும் வாங்க வேண்டும் என்று ஏஐ கணக்குகளுக்கான ஜிபியூ சில்லுகள் பொருத்திய பெரிய சர்வர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். அவை வந்து இறங்கின. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்க எங்கள் சர்வர் கூடத்தின் கேபிளால் முடியாது, அந்தச் சூட்டை இழுக்க இருக்கிற ஏசியாலும் முடியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. மரப்பெட்டியைப் பிரிக்காமலே அவை ஒரு கோடை முழுக்கக் கிடந்தன. செக்யூரிட்டி அதன்மேல் சோற்று டப்பாவை வைத்துச் சாப்பிடுவார். அதற்குள் டாக்டர்கள் அவசரப்பட்டதால் எல்லாவற்றையும் கிளவுட் கம்பெனியின் வாடகை இயந்திரங்களில் ஓட்டினோம். அது சுலபமாக இருந்தது. எவ்வளவு சுலபம் என்றால், எங்கள் பிள்ளைகள் அந்தக் கம்பெனி மட்டுமே தரும் வசதிகளை எடுத்து நிரல்களுக்குள் நெய்துவிட்டார்கள். பின்னால் அந்தக் கம்பெனி அதில் ஒரு வசதியை நிறுத்தியபோது, பாதி வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. இடித்ததும் நாங்களே, கட்டியதும் நாங்களே, திட்டு வாங்கியதும் நாங்களே.

அதற்குப் பிறகுதான் நிதானத்துக்கு வந்தோம். தினமும் ஒரே சீராக வரும் வேலை எது, எப்போதாவது மொத்தமாக வந்து விழும் வேலை எது என்று பிரித்தோம். நோயாளியின் ஸ்கேன் படத்தைப் பார்த்து, ரத்தக் கசிவு இருக்கிறதா, எதை டாக்டர் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லும் வேலை தினமும் வரும். நோயாளியின் விவரமும் அதில் இருக்கும். அதைச் சொந்தக் கூடத்தில் வைத்தோம். அப்படிப் பார்த்துச் சொல்லும் ஏஐ மாடலை, அதாவது மாதிரியை, புதிதாகப் பயிற்றுவிக்கும் வேலை எப்போதாவது வரும், வந்தால் யானைப் பசியோடு வரும். அதற்கு, நோயாளிகளின் பெயர் விவரங்களை எல்லாம் நீக்கிவிட்டு, வாடகை இயந்திரத்தை எடுத்தோம், முடிந்ததும் விட்டோம். எல்லா நிரலையும் ஒரே விதமான கன்டெய்னரில் கட்டி, எங்கே தூக்கி வைத்தாலும் ஓடும்படி செய்தோம். நாளைக்கு இந்தக் கம்பெனி வேண்டாம் என்றால் அடுத்த கம்பெனி, இந்த மாதிரியைவிட நல்ல மாதிரி வந்தால் அது. நீ வரைந்ததும் இதைத்தான், இன்னும் நேர்த்தியாக.

இதை நான் வீட்டில் பெருமையாக விளக்கினபோது உன் நைனா, "ஏரியில தண்ணி கீறப்போ மதகத் தொற, வத்திப் பூட்டா கெணத்து மோட்டாரப் போடு. இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி மீட்டிங்கு?" என்றார். மீட்டிங் என்றால் அவருக்கு இளக்காரம். ஏரி மதகை எந்தக் கிழமை திறப்பது என்று அவர்கள் விவசாயிகள் சங்கத்தில் காலையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை சண்டை போட்டுவிட்டு, தேதி வைக்காமலே எழுந்து வருவார்களே, அது மட்டும் மீட்டிங் இல்லையாம்.

உன் படத்தில் இல்லாத ஒன்றும் எங்களிடம் இருந்தது. உத்திரமேரூர் மாதிரி ஊர்களில் எங்களுக்குச் சின்னச் சின்ன ஸ்கேன் கிளைகள் உண்டு. ஒரு ஸ்கேன் இயந்திரம், அதை இயக்க ஒரு டெக்னீஷியன், ஒரு வரவேற்பு மேசை, அவ்வளவுதான். படம் ஃபைபர் லைனில் சென்னைக்கு வரும். சென்னைக் கூடத்தில் இயந்திரம் பார்க்கும், டாக்டர் பார்ப்பார், முடிவு திரும்பிப் போகும். மழை வந்தால் லைன் போகும் என்பதால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். சென்னைக் கூடத்தில் ஓடும் அதே மாதிரியின் சிறிய வடிவம் அதற்குள் ஓடும். லைன் இல்லாவிட்டாலும் அது படத்தைப் பார்த்துவிடும். ஆனால் பார்த்ததைச் சொல்லாது. சென்னையிலிருந்து உறுதி வரும்வரை திரையில் மஞ்சளாக "உறுதி நிலுவை" என்று மட்டும்தான் காட்டும். அப்படி அமைத்தவள் நான். டாக்டர் பார்க்காமல் இயந்திரம் தானாக ஒன்றைச் சொல்லி, அது தப்பாகிப் போனால் யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இன்னொரு விதியும் நான்தான் போட்டேன். கிராமத்துக் கிளைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது சந்தேகம் என்றால் திரையைப் போனில் படம் எடுத்து, தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒரு முறை ஒரு பெண்ணின் படம், பேரோடும் வயதோடும், எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு குரூப்பில் சுற்றியது. அந்தப் பெண்ணின் தகப்பனார் எங்கள் ஆபீசுக்கு வந்து அழுதார். அன்றைக்கே நான் சுற்றறிக்கை எழுதினேன்: நோயாளியின் படம் எந்தக் காரணத்துக்காகவும் சொந்தப் போனில் போகக் கூடாது. அதுவும் சரியான விதிதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லைன் போன நாளில் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஒத்திகை பார்க்கவில்லையா என்று உன் பிள்ளைகள் கேட்பார்கள். பார்த்தோமே, தவறாமல் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில், எல்லாரும் கூடி நின்று சொந்தக் கூடத்தின் இணைப்பைத் துண்டிப்போம். வேலையெல்லாம் வாடகை இயந்திரத்துக்குத் தாவும். கை தட்டுவோம். அப்புறம் கேன்டீனில் பொங்கலும் வடையும். ஞாயிற்றுக்கிழமை நோயாளிக் கூட்டம் இருக்காது, கிளைகள் பாதி பூட்டியிருக்கும். ஒரு தடவைகூட அது தோற்றதில்லை. கிளையில் போய் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேதான் பெட்டி இருக்கிறதே என்ற தைரியம்.

உன் நைனா சாலவாக்கம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்த கதை உனக்குத் தெரியும். மணலில் சறுக்கி விழுந்தவர், எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு வூட்டுக்கு வந்து, எனக்குப் போனில்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தலைவலி, வாந்தி, பேச்சில் குழறல். பக்கத்து நிலத்து ஏழுமலைதான் பார்த்துவிட்டு, ஆட்டோவில் தூக்கிப் போட்டு உத்திரமேரூர் கிளைக்குக் கொண்டுபோனான். நான் அந்த நேரம் சென்னையில், சர்வர் கூடத்துக்குள் இருந்தேன். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது, வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் நான் போட்ட விதிதான், சிரிக்காதே.

ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று யாரோ தோண்டி, லைன் அறுந்து போயிருந்தது. கூடத்துக்குள் இருந்த மேசைப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பேசியது பர்வீன், அந்தக் கிளையின் டெக்னீஷியன். உத்திரமேரூர்ப் பெண்தான், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் அந்த ஊர்க்காரி என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"மேடம், உத்திரமேரூர் கிளையிலர்ந்து பேசறேன். லைன் பூட்டுது. பொட்டி மஞ்சளாவே காட்டிக்கினு கீது. பேஷண்ட்டு வாந்தி எடுத்துகினே கீறாரு. போன்ல ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பட்டா?"

"போட்டோ கூடாதும்மா, சர்க்குலர் பார்த்தியா இல்லையா? லைன் எப்போ போச்சு? கம்ப்ளைன்ட் டிக்கெட் போட்டுட்டியா?"

"போட்டாச்சி மேடம். இன்னும் யாரும் வரல."

"வந்துடுவாங்க. கொஞ்சம் வெயிட் பண்ணு."

"அவரப் பாத்தா வெயிட் பண்ற மாதிரி தெரியல மேடம்."

"வெயிட் பண்ணும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். குரலில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

அவள் வெயிட் பண்ணவில்லை. போனில் படம் எடுத்து, அன்றைக்குச் சென்னையில் ஸ்கேன் பார்க்கும் டியூட்டியில் இருந்த டாக்டருக்கு அனுப்பிவிட்டாள். அவர் பார்த்த கையோடு கூப்பிட்டு, மூளையில் ரத்தக் கட்டு, உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்று என்று சொல்லிவிட்டார். நான் கூடத்தை விட்டு வெளியே வந்து லாக்கரைத் திறந்தபோது ஏழுமலையிடமிருந்து அத்தனை அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணி, பயப்படாத. அண்ணன ஆம்புலன்ஸ்ல ஏத்திகினு செங்கல்பட்டு போய்கினு கீறோம். ஸ்கேன்ல இன்னாமோ ரத்தம்னாங்கோ" என்றான். எந்த ஸ்கேன் சென்டர் என்று கேட்டேன். "உங்க ஆஸ்பத்திரிதான், உத்திரமேரூர்ல கீதே" என்றான். லாக்கர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், யாரென்று இன்றுவரை தெரியாது.

அன்று பிற்பகலே ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் நேராகவே சொன்னார். நீ அப்போது வேலை பார்த்த பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் கண் திறந்து உன்னைப் பார்த்து, "நாஷ்டா துன்னியா?" என்றாரே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். சில பெயர்கள் மட்டும் வாயில் உடனே வருவதில்லை. ஏழுமலையை ஒரு நாள் ஆறுமுகம் என்றார். உன் பெயர் வந்துவிடுகிறது. பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுவார்: "நான் சாவக் கெடக்கறேன், எங்கூட்டம்மா போட்ட ரூலு என்னப் பாத்து, யோவ் சொம்மா வெயிட் பண்ணுங்குது!" என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரிக்க, நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாதது, அதற்குப் பிறகு ஆபீசில் நடந்தது.

ஒரு நோயாளியின் படம் சொந்தப் போன் வழியாக வெளியே போனது என்று விசாரணை வந்தது. விதியை மீறியவள் பர்வீன். ஒப்பந்தத்தில் இருப்பவள், எச்சரிக்கைக் கடிதம் போனால் அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள். விதி என்னுடையது என்பதால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவளும் நான். நோயாளியின் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பொறுப்பை என்னிடமிருந்து மாற்றியிருக்கலாம், யாரும் மாற்றவில்லை. நான் விசாரணைக் கமிட்டி முன்னால் போய், கையெழுத்துப் போட முடியாது, தப்பு அமைப்பில் இருக்கிறது, அந்தப் பெண்ணிடம் இல்லை என்றேன். எனக்கு மேலே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர்ங்கறதால இப்படிப் பேசறீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஆமாம் சார். வேற யாரோட வீட்டுக்காரராவது இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதான் சார் பிரச்சினையே" என்றேன். கடிதம் போகவில்லை. அமைப்பை மாற்று என்று சொல்லிவிட்டார்கள்.

மாற்றினோம். சின்னப் பெட்டி இப்போது தனியாகவும் பேசும். லைன் இல்லாதபோது மண்டைக்குள் ரத்தம் மாதிரி உயிர் போகும் விஷயம் என்றால் சிவப்பில் காட்டும். கீழேயே "இயந்திரம் சொல்வது, டாக்டர் இன்னும் பார்க்கவில்லை" என்று தமிழில் எழுதியிருக்கும். படம் எடுத்து அனுப்புவதையும் ஒளித்துச் செய்யும் வேலையாக விடாமல், முறையான வழியாக ஆக்கினோம். மொபைல் சிக்னல் வழியாக, பெயர் விவரம் மறைத்து, முக்கியமான சில படங்களை மட்டும் டியூட்டியில் இருக்கும் டாக்டருக்குப் பெட்டியே அனுப்பும். எல்லாம் முடித்துவிட்டு உத்திரமேரூர் கிளைக்குப் போய்ப் பர்வீனிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது மேடம். ஆனா பட்டன் எங்க கீதுன்னு தேடறதுக்குள்ள நான் நாலு போட்டோ எடுத்துருப்பேன்" என்றாள். பட்டனை மேலே கொண்டுவந்தோம்.

அன்றிலிருந்து ஒத்திகையைக் கிளைகளில், வேலை நாளில் வைத்தோம். என்னென்ன வெளியே வந்தது தெரியுமா? ஒரு கிளையில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொசுவிரட்டி மெஷினைச் சொருகியிருந்தார்கள். அது எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்தது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சென்னையில் எங்கள் திரையில் மட்டும் அது பச்சையாகவே தெரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று, கிளைகளுக்கு இரண்டு கம்பெனியிடமிருந்து இரண்டு லைன் வாங்கிவிட்டோம், ஒன்று போனால் இன்னொன்று என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது ரோட்டோரம் தோண்டியிருந்த பள்ளத்தைச் சும்மா எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று, கறுப்புக் குழாய் ஒன்று, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பள்ளத்தில் போகின்றன. தாளில் இரண்டு கம்பெனி, மண்ணில் ஒரே குழி. ஒரு மண்வெட்டி போதும்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். சொந்தக் கூடம் நடுவில் பெரிதாக இருக்கிறது. வலது பக்கம் இரண்டு கிளவுட் கம்பெனிகள். நடுவில் வேலையைப் பிரித்தனுப்பும் அடுக்கு, அதற்கு மட்டும் நாலு நிறம். கீழே இடது மூலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் "கிளைகள்" என்று ஒரே சொல். அதிலிருந்து மேலே ஒரு கோடு. உன் குழுமத்துக்கு எத்தனை ஊரில் கிளை இருக்கும்? அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. உத்திரமேரூரும் அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

போனில் கேட்டபோது நீ சொன்னாய்: "அம்மா, இப்பல்லாம் ரெண்டு லைன் இருக்கு. கிளைக்குக் கிளை பெட்டி வெச்சா அத யாரு பாத்துக்கறது? நூறு இடத்துல பழைய வெர்ஷன் ஓடிக்கினு கிடக்கும். அது இன்னும் ஆபத்து." நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொசுவிரட்டிக் கதையைச் சொல்லி உனக்கு இன்னும் வலு சேர்த்தவளே நான்தான். அந்தப் பெட்டிகளைப் பராமரிப்பது பெரிய பேஜார்தான், தினமும் ஒன்று மக்கர் பண்ணும். எல்லாக் கிளைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. நகரத்துக்குள் இருக்கும் கிளைக்குத் தேவைப்படாது. எந்த ஊரில் லைன் அடிக்கடி போகிறது, எந்த ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிறது என்று பார்த்து அங்கே வை. உன் சொந்தக் கூடத்தில் மாதிரியை மாற்றினால் அங்கேயும் தானாக மாறட்டும், உயிரோடு இருக்கிறேன் என்று தானாகக் குரல் கொடுக்கட்டும். உன் குழுவில் அதற்கான கெட்டிக்காரத்தனம் இல்லாமலா போகும்? வளைந்து கொடுக்கும் அமைப்பு என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். பெரிய நகரங்களில் நன்றாகத்தான் வளைகிறது. கிளைக்கு வரும்போது மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

நீ பெட்டி வேண்டாம் என்றே முடிவு செய்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அது உன் வேலை, உன் கையெழுத்து. எனக்கு உன்னைப் பற்றிக் கர்வம் உண்டு. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்து நான் சொல்லாமலே இருந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கமிட்டிக்கு முன்னால் ஒரு நாள் லீவு போடு. உன் கிளைகளில் மிகச் சின்னது எதுவோ, பஸ் மாறிப் போக வேண்டிய ஊர் எதுவோ, அங்கே போ. கூட்டம் இருக்கும் வேலை நாளாகப் பார். டாக்டரிடமும் டெக்னீஷியனிடமும் முன்கூட்டியே சொல்லி, அவசரமாக யாரும் காத்திருக்காத சமயத்தில், அவர்கள் சரி என்ற பிறகு லைனை உன் கையாலேயே பிடுங்கு. அப்புறம் உள்ளே நிற்காதே. வெளியே வந்து பெஞ்சில் உட்கார். வலி பொறுக்காமல் சுவரில் சாய்ந்துகொண்டிருப்பவர் இருப்பார், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தவர் இருப்பார், அவரைத் தூக்கிக்கொண்டு வந்த ஏழுமலை ஒருவன் இருப்பான். அவர்களிடம் பேச்சுக் கொடு. எந்த ஊர், யார் வீடு, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேள். கேட்டுக்கொண்டே, லைன் இல்லாத அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார். பிறகு வந்து அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை எப்படி வேண்டுமோ அப்படி வரை.

உன் நைனா உள்ளேயிருந்து, "இன்னாத்த இவ்ளோ நேரமா எழுதிக்கினு கீற, கொயந்தைக்கு வேலை கீது, வுடு" என்று கத்துகிறார். உனக்குக் கல்யாண வயது தாண்டப் போகிறது, அவருக்கு நீ இன்னும் குழந்தை. விட்டுவிடுகிறேன்.

அன்றைக்குப் பர்வீனிடம் நான் எல்லாம் கேட்டேன். சர்க்குலர் பார்த்தாயா என்று கேட்டேன், லைன் எப்போது போனது என்று கேட்டேன், டிக்கெட் போட்டாயா என்று கேட்டேன். பேஷண்ட் யாரு என்று மட்டும் கேட்கவில்லை.

அம்மா